கொலஸ்ட்ரோலும் நமது இதயமும்



சங்க நிகழ்ச்சிகளில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "டாக்டர், கொலஸ்ட்ரோல் 210 என்று வந்திருக்கிறது. வடை எடுக்கலாமா?" வடைக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த 210க்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால் இந்த இதழில் கொலஸ்ட்ரோலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. கனடாவில் இருக்கும் என் அண்ணர் ஒருநாள் தொலைபேசியில், "எனக்குக் கொலஸ்ட்ரோல் 6.4 தான், உங்கள் ஊரில் எல்லாருக்கும் 200க்கு மேலாமே" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வேறு விஷயம் கதைக்கத் தொடங்கினேன். கனடாவிலும் இங்கிலாந்திலும் கொலஸ்ட்ரோலை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். அதை ஏறத்தாழ 38.7ஆல் பெருக்கினால்தான் அமெரிக்கக் கணக்கு வரும். 6.4 என்பது இங்கே 247. மருத்துவம் படித்த நான் அதை அவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும். 2012இல், 49 வயதில், அவருக்கு மாரடைப்பு வந்தது. மெலிந்த உடம்பு, புகைப்பழக்கம் இல்லை. நெஞ்சு நோவை வாய்வு என்று நினைத்து இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் படுத்திருந்தார். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகுதான் நான் என் இரத்தத்தையே பரிசோதித்தேன். பல ஆண்டுகளாகச் செய்யவில்லை. எனது கெட்ட கொலஸ்ட்ரோல் 151. ஊருக்கு உபதேசம் செய்பவரின் நிலை அப்படித்தான் இருந்தது.

கொலஸ்ட்ரோல் என்றால் என்ன?

கொலஸ்ட்ரோல் மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். அது நஞ்சு அல்ல. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் உறைக்கும், பல ஹார்மோன்களுக்கும், வைட்டமின் டி தயாரிப்பதற்கும், செரிமானத்துக்கு உதவும் பித்தநீருக்கும் அது தேவை. அதில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவில் இருந்து வருவது குறைந்த பங்குதான்.

எண்ணெய் தண்ணீரில் கரையாதது போல, கொலஸ்ட்ரோலும் இரத்தத்தில் கரையாது. ஆகவே புரதம் போர்த்திய சிறு பொதிகளாக அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. இவற்றில் முக்கியமான இரண்டு வகைகள்:

எல்.டி.எல். – கொலஸ்ட்ரோலைச் சுமந்துகொண்டு உடலெங்கும் சுற்றும் பொதி. அளவு கூடினால் இரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து படியும். அதனால் "கெட்ட" கொலஸ்ட்ரோல்.

எச்.டி.எல். – மீதமான கொலஸ்ட்ரோலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் பொதி. அதனால் "நல்ல" கொலஸ்ட்ரோல்.

இவற்றோடு ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பும் பரிசோதனைத் தாளில் இருக்கும். நாம் சாப்பிட்டு உடனே செலவழியாத சக்தி பெரும்பாலும் இந்த வடிவில்தான் சேமிக்கப்படுகிறது.

இரத்தக்குழாய்ச் சுவரில் படிவது ஒரு நாளில் நடப்பதல்ல. இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் நடக்கும். நோவு இருக்காது, களைப்பு இருக்காது. ஒருநாள் அந்தப் படிவின் மேற்பகுதி வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து, குழாய் அடைபடும்போதுதான் மாரடைப்பு. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: மாரடைப்பு வரும்வரை கொலஸ்ட்ரோல் எதுவும் செய்யாது.

நமது டல்லஸ் தந்த விடை

ஒருவருக்கு எல்.டி.எல். ஏன் கூடுகிறது, மற்றவருக்கு ஏன் கூடுவதில்லை? இதற்கு விடை கண்ட இடம் நம் ஊர்தான் என்பது பலருக்குத் தெரியாது. டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே மிகக் கூடிய கொலஸ்ட்ரோலுடன் வந்த நோயாளிகளின் தோல் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரண உயிரணுவின் மேற்பரப்பில் எல்.டி.எல். பொதியைப் பிடித்து உள்ளே இழுக்கும் "ஏற்பிகள்" இருந்தன. இந்த நோயாளிகளிடம் அவை இல்லை, அல்லது குறைவாக இருந்தன. இந்த ஆய்வுக்காக இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஏற்பிகள் அதிகம் இருக்கும் இடம் கல்லீரல். இதைக் கண்முன் காட்டியவள் டெக்சாஸ் சிறுமி ஸ்டோர்மி ஜோன்ஸ். அவளுடைய கொலஸ்ட்ரோல் 1000க்கு மேல் இருந்தது. ஆறு வயதிலேயே இதயம் செயலிழந்துகொண்டிருந்தது. 1984 பெப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் அவளுக்கு இதயமும் கல்லீரலும் ஒரே நேரத்தில் மாற்றப்பட்டன. புதுக் கல்லீரல் வந்தபின் கொலஸ்ட்ரோல் 300 அளவுக்கு இறங்கியது. பின்னர் 1990இல் அவள் காலமானாள். ஆனால் அவளால் மருத்துவ உலகம் கற்ற பாடம் பெரியது: இரத்தத்தில் எல்.டி.எல். எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கல்லீரல்.

இதே மையத்தில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகியோர் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார்கள். சிலருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக இருக்கிறதே, அவர்களுக்கு என்ன நடக்கிறது? பி.சி.எஸ்.கே.9 என்ற ஒரு மரபணு அவர்களில் சிலரிடம் வேலை செய்யவில்லை. 2006இல் வெளியான ஆய்வின்படி, இத்தகைய கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். சுமார் 28 சதவீதமே குறைவு. ஆனால் அவர்களுக்கு வந்த இதயநோயோ 88 சதவீதம் குறைவு!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அவர்களுடைய எல்.டி.எல். பிறந்த நாள் தொட்டே குறைவு. எண் எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டுகள் அப்படி இருந்தது என்பதும் முக்கியம். "ஐம்பது வயது வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தாளில் உள்ள எண்கள்

இங்கே எல்லா எண்களும் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

மொத்தக் கொலஸ்ட்ரோல்: 200க்குக் கீழ் விரும்பத்தக்கது.
எல்.டி.எல்.: 100க்குக் கீழ் நல்லது. 130 முதல் 159 வரை எல்லைக்கோடு. 160க்கு மேல் அதிகம். 190க்கு மேல் மிக அதிகம்.
எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40க்கும், பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது.
ட்ரைகிளிசரைட்: 150க்குக் கீழ். 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்தும் உண்டு.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அவர்களுடைய எல்.டி.எல். 70க்குக் கீழும், சிலருக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும்.

மொத்த எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஓர் உதாரணம் பாருங்கள். மொத்தம் 190, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைட் 240. "மொத்தம் 200க்குள்தானே" என்று தாளை மடித்து வைத்துவிடுவோம். மொத்தத்தில் இருந்து நல்லதைக் கழியுங்கள்: 190 – 34 = 156. நல்லதல்லாத கொலஸ்ட்ரோல் முழுவதும் இதில் அடங்கும். இது 130க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆக, இவருக்குக் கவனம் தேவை. நம்மவர்களின் தாள்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோலத்தைத்தான்.

லண்டன், ரொறன்ரோ உறவினர்களின் தாளை வாசிக்க: கொலஸ்ட்ரோல் எண்களை 38.7ஆல் பெருக்குங்கள். ட்ரைகிளிசரைட்டுக்கு மட்டும் 88.6ஆல் பெருக்க வேண்டும்.

நமக்கு ஏன் இளவயதிலேயே?

தென்னாசியர்களுக்கு இதயநோய் முன்கூட்டியே வருகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அமெரிக்க இதயக் கழகமும் பிற அமைப்புகளும் 2018இல் வெளியிட்ட கொலஸ்ட்ரோல் வழிகாட்டல், தென்னாசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. இந்தக் கழகத்தின் தலைமையகமும் நமது டல்லஸில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு நல்ல கொலஸ்ட்ரோல் குறைவாக இருந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு சரியில்லை. விரிகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் 906 தென்னாசியர்களோடு 2010இல் தொடங்கிய "மசாலா" என்ற ஆய்வு, மற்ற இனத்தவரோடு ஒப்பிடும்போது நமக்கு நீரிழிவும் கல்லீரலில் சேரும் கொழுப்பும் அதிகம் என்று காட்டியது. கையும் காலும் மெலிவாக இருக்கும். கொழுப்பு வயிற்றுக்குள் இருக்கும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 35 அங்குலத்தையும், பெண்களுக்கு 31 அங்குலத்தையும் தாண்டினால் எடை சரியாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று "எல்.பி. லிட்டில் ஏ" என்று அழைக்கப்படும் பொதி. உலகில் ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதல். இதன் அளவு பரம்பரையாக வருவது. உணவாலோ உடற்பயிற்சியாலோ அதிகம் மாறாது. சாதாரணப் பரிசோதனையில் இது வராது. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

அப்பா எப்படி இறந்தார்?

படிவங்களில் ஒரு கேள்வி இருக்கும்: தந்தை அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன்போ, தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்போ இதயநோய் வந்ததா? என் அண்ணர் அதற்கு "இல்லை" என்று எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன்.

எங்கள் அப்பா 1987இல், இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, 51 வயதில் இறந்தார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார், வியர்த்துக் கொட்டியது, மத்தியானம் இல்லை. போர்க்காலம், மருத்துவமனைக்குப் போக வழியில்லை. வாய்வுக் குத்து என்றார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். அண்ணர் மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் அந்தக் காலை நேரத்தை நான் ஒரு மருத்துவராகத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அது மாரடைப்பாகவே இருந்திருக்க வேண்டும். படிவத்தில் சரியாக எழுதியிருந்தால் அண்ணரின் மருத்துவர் அந்த 6.4ஐ வேறு கண்ணோடு பார்த்திருப்பார்.

ஈழத்தவர் மட்டுமல்ல, தமிழ்நாட்டுக் குடும்பங்களிலும் "தூக்கத்திலேயே போய்விட்டார்", "திடீரென்று விழுந்தார்" என்ற கதைகள் உண்டு. இந்த வாரம் அம்மாவோடும் பெரியப்பாவோடும் பேசும்போது கேளுங்கள்: தாத்தா எத்தனை வயதில் போனார்? அன்று என்ன செய்தது? எழுதி வைத்து உங்கள் மருத்துவரிடமும், உங்கள் பிள்ளைகளிடமும் கொடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரோல் நோய் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 9 முதல் 11 வயதுக்குள் ஒருமுறை கொலஸ்ட்ரோலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சமையலறையில்

"எங்கள் எண்ணெயில் கொலஸ்ட்ரோல் இல்லை" என்று தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் எழுதியிருக்கும். அது உண்மைதான். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரோல் இல்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்து எல்.டி.எல்.ஐக் கூட்டுகிறது.

எல்.டி.எல். குறைக்க வேண்டியவர்களுக்கு ஒரு நாளில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 13 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இதயக் கழகம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 11 கிராம் இருக்கிறது. ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலில் 40 கிராமுக்கு மேல். நான் சொதியும் இடியப்பமும் சாப்பிட்டு வளர்ந்தவன். அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. சொதியை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். பாலைத் தண்ணீராக்குங்கள். தாளிக்க நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கனோலா எதுவும் பரவாயில்லை. அளந்து ஊற்றுங்கள். நெய் ஒரு தேக்கரண்டி போதும்.

நல்ல கொலஸ்ட்ரோல் குறைந்து ட்ரைகிளிசரைட் கூடியவர்களுக்கு எண்ணெயைவிடச் சோறுதான் பெரிய கேள்வி. வெள்ளைச் சோறு, இட்லி, தோசை, பிட்டு, ரொட்டி எல்லாம் மாவுச்சத்து. தட்டில் பாதிக்குக் காய்கறி, கால்வாசிக்குப் பருப்பு, மீன், கோழி போன்ற புரதம், மிச்சக் கால்வாசிக்கு மட்டும் சோறு. இனிப்புப் பானமும் மதுவும் ட்ரைகிளிசரைட்டை நேராக ஏற்றும்.

பயறு, கடலை, ஓட்ஸ், வெண்டைக்காய் ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.ஐச் சற்றுக் குறைக்கும். சுண்டல் நல்ல மாலைச் சிற்றுண்டி. முறுக்கும் மிக்சரும் அதற்கு ஈடாகாது. முட்டை பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரும்பாலானவர்கள் நாளுக்கு ஒன்று சாப்பிடலாம். நீரிழிவோ மிகக் கூடிய எல்.டி.எல்.லோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அதாவது நாளுக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள். சனிக்கிழமை ஒருநாள் மட்டும் கிரிக்கெட் ஆடிவிட்டு மற்ற ஆறு நாளும் கணினி முன் அமர்வது இதற்கு ஈடல்ல. டெக்சாஸ் வெயிலில் நடக்க முடியாது என்பவர்கள் அதிகாலையிலோ, குளிரூட்டிய கடைத்தொகுதிக்குள்ளோ நடக்கலாம். புகைப்பவர்கள் நிறுத்த வேண்டும். இதில் சமரசம் இல்லை.

மருந்து எடுப்பதா, வேண்டாமா?

"ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும், அதனால் தொடங்கவில்லை" என்று பலர் சொல்வதுண்டு. கண்ணாடியும் அப்படித்தானே! ஸ்டாட்டின் வகை மருந்துக்கு வழி திறந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ. முதல் ஸ்டாட்டின் அமெரிக்காவில் 1987இல் அனுமதி பெற்றது. கல்லீரல் தானே கொலஸ்ட்ரோல் தயாரிப்பதை இது குறைக்கிறது. உடனே கல்லீரல், மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டி இரத்தத்தில் உள்ளதை இழுத்துக்கொள்கிறது. பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் கண்ட அதே ஏற்பிகள்! எல்.டி.எல். 30 முதல் 50 சதவீதம் வரை இறங்கும். 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

தசை நோவு வரும் என்ற பயம் பரவலாக உண்டு. சிலருக்கு வருவது உண்மை. ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வில், ஸ்டாட்டினால் நோவு வந்து நிறுத்தியவர்களுக்கு, எது எதுவென்று சொல்லாமல் மருந்தும் வெற்று மாத்திரையும் மாறிமாறிக் கொடுத்தார்கள். நோவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. நோவு வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். இரத்தச் சர்க்கரை சிலருக்குச் சற்றுக் கூடலாம். இருந்தும் நன்மையே பெரிது. கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். ஸ்டாட்டின் போதாதவர்களுக்கு, பி.சி.எஸ்.கே.9 ஆய்வில் இருந்து பிறந்த ஊசிகள் 2015 முதல் கிடைக்கின்றன.

மருந்து வேண்டுமா என்று முடிவு செய்ய முடியாதபோது, இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஸ்கேன் உதவும். நீரிழிவோ நடுத்தர ஆபத்தோ உள்ள 45 முதல் 76 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கும், 55 முதல் 76 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கும் இதற்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 200 டாலர் வரை காப்புறுதி நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று டெக்சாஸ் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய நிறுவனங்கள் தாமே நடத்தும் திட்டங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. உங்கள் திட்டம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

வாய்வு என்று படுக்காதீர்கள்

நெஞ்சின் நடுவில் அழுத்தம், பாரம், எரிவு, இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி வருவது போன்ற உணர்வு. இவை சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 911ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல், மூச்சு வாங்குவதும் கடும் களைப்பும் மட்டும் இருக்கலாம். கணவர் காரில் கொண்டுபோவார், மகன் வேலையில் இருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸில் வருபவர்கள் வீட்டு வாசலிலேயே ஈ.சி.ஜி. எடுத்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் கட்டணத்தை நினைத்துத் தயங்குபவர்கள் நம்மிடையே உண்டு. கட்டணத்தைப் பிறகு தவணையில் கட்டலாம். செத்த இதயத் தசை திரும்ப வராது. ஊரில் இருந்து வந்திருக்கும் பெற்றோருக்கும் 911 எண்ணையும், ஆங்கிலத்தில் வீட்டு முகவரி சொல்வதையும் பழக்கி வையுங்கள்.

முடிவாக, இந்த மாதம் செய்ய வேண்டியவை:

1. கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடி எடுங்கள். கழித்தல் கணக்கைச் செய்யுங்கள்.
2. ஐந்து ஆண்டாகப் பரிசோதிக்கவில்லை என்றால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பட்டினி தேவையில்லை.
3. இடுப்பை அளந்து பாருங்கள்.
4. அப்பாவும் தாத்தாவும் எப்படி இறந்தார்கள் என்று கேளுங்கள்.

என் அண்ணருக்கு இப்போது எல்.டி.எல். 1.4. எங்கள் கணக்கில் 54. ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் தொலைபேசியில் அழைத்து இரண்டு கணக்கிலும் சொல்கிறார்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவரிடம் பெறுங்கள்.)